புகைக்குப் பட்டா

கொடிப்பாக்கம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வரிசையில அனல்மின் நிலையத்துப் புகை வந்து நின்னப்போ அதுக்கு முன்னாடி அறுபத்தோரு பேர் நின்னிருந்தாங்க, பின்னாடி ரேஷன் கார்டுல பேரு தப்பா விழுந்த ஒரு குடும்பம் நின்னுச்சு, யாரும் பெருசா அலட்டிக்கல, ஏன்னா யார் வேணா மனு குடுக்கலாம்னு வாசல் போர்டுலயே எழுதியிருந்துச்சு. வர்றவங்க பையில மண்ணெண்ணெய் இருக்கான்னு துழாவிப் பாக்கிற போலீஸ்காரருக்கு மட்டும் கொஞ்சம் குழப்பம், இது பத்த வெச்சுக்கறதுக்கு முன்னாடி வந்ததா பின்னாடி வந்ததான்னு. அப்புறம் அதுகிட்ட பையே இல்லைங்கறதைப் பாத்துட்டு உள்ள விட்டுட்டாரு. டோக்கன் குடுக்கறவரு அறுபத்திரெண்டுன்னு ஒரு சீட்டைக் கிழிச்சு நீட்டினாரு, சீட்டு அந்தரத்துல நின்னுச்சு, அடுத்த ஆள்னு கூப்பிட்டாரு.

ஆனா மனு இல்லாம டோக்கனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது. எழுதிட்டு வான்னு யாரோ வாசல் கேட்டுப் பக்கம் கை காட்ட, புகை கேட்டுக்கு வெளிய தூங்குமூஞ்சி மரத்தடியில பலகை போட்டு உக்காந்திருந்த துலுக்காணத்துக்கிட்ட வந்து நின்னுச்சு.

துலுக்காணம் அந்த மரத்தடியில இருபத்தாறு வருஷமா மனு எழுதறவரு. எழுதறதை அழகா எழுதுவாரு, அழுகையை ரெண்டு வரியில அடக்குவாரு, கோவத்தைப் பணிவன்போட முடிப்பாரு. வர்றவங்கள்ல பாதிப்பேர் அவரு குடியிருக்கிற முள்வெட்டி நகர் ஆளுங்கதான். அனல்மின் நிலையம் இப்ப நிக்கிற எடத்துலதான் ஒரு காலத்துல அவங்க ஊரு இருந்துச்சு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி லாரியில ஏத்திக்கிட்டு வந்து, சாம்பல் கொட்டுற குட்டைக்கு இந்தாண்ட வேலிக்காத்தான் முள்ளு மண்டிக்கெடந்த புறம்போக்குல எறக்கி விட்டு, இங்க கொஞ்ச நாள் இருங்க, பட்டா வருதுன்னாங்க. அவங்க முள்ளை வெட்டினாங்க, வீடு கட்டினாங்க, கல்யாணம் பண்ணாங்க, செத்தவங்களைப் பொதைச்சாங்க, அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியல. அதனால ஒவ்வொரு திங்கக்கிழமையும் முள்வெட்டி நகர்லேருந்து பத்து இருபது பேர் வருவாங்க, எல்லாருக்கும் ஒரே மனு, குடியிருக்க ஓர் இடம் வேண்டி விண்ணப்பம், சர்வே எண் 217/3. ஒரே மனுவை எத்தனை தடவைதான் எழுதறது, துலுக்காணம் ஞாயித்துக்கிழமையே உக்காந்து, ரெண்டு கார்பன் பேப்பரை வெச்சு, மூணு மூணு தாளா அழுத்தி எழுதி அடுக்கி வெச்சுடுவாரு. பேரும் வயசும் தேதியும் மட்டும் காலியா இருக்கும், ஆள் வந்தா நிரப்பிக் குடுக்க வேண்டியது.

இந்த கார்பன் சங்கதியிலதான் அவருக்கும் ஜெசிந்தாவுக்கும் பழக்கமே ஆச்சு. ஜெசிந்தா தெளிவானம் அறக்கட்டளையில வேலை பாக்கிற பொண்ணு, பூமி சூடாகுதுன்னு ஊர் ஊரா போய்ச் சொல்றதும், மின் நிலையத்துல மூணாவது யூனிட் கட்டக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கறதும் அதோட வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி முதமுதல்ல வந்தப்போ, குடையை மடக்கிட்டு, பலகைக்கு எதிர்ல குந்தி, "ஐயா, கார்பனைக் குறைக்கணும்"னுச்சு.

துலுக்காணம் ஒரு நிமிஷம் யோசிச்சாரு. "ரெண்டுதாம்மா வெக்கிறேன். இதுக்கும் மேல குறைச்சா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

அது சிரிச்சுட்டு, நெலக்கரியை எரிச்சா வர்ற கார்பன் வேற ஐயான்னு, படம் போட்ட அட்டையெல்லாம் விரிச்சு, பனிமலை உருகறது கடல் ஏறறது எல்லாத்தையும் பொறுமையா சொல்லிச்சு. துலுக்காணம் பொறுமையா கேட்டுட்டு, ரெண்டும் ஒண்ணுதாம்மான்னாரு. "மேல இருக்கறவன் அழுத்தி எழுதறான், கீழ இருக்கறவன் மேல விழுது." அந்த வரியை ஜெசிந்தா நோட்டுல எழுதிக்கிச்சு. அடுத்த வருஷம் அது தெளிவானத்தோட காலண்டர்ல வந்துச்சு, கீழ பேரு போடாம.

நல்ல பொண்ணுதான். வெயில்னு பாக்காது, மழைன்னு பாக்காது. மனிதச் சங்கிலின்னா முள்வெட்டி நகர் ஆளுங்க போய்க் கை கோத்துட்டு நிப்பாங்க, கையெழுத்துன்னா போடுவாங்க, கைநாட்டுன்னா வெப்பாங்க, போட்டு முடிச்சதும் அப்படியே எங்க பட்டாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லும்மான்னு கேப்பாங்க. அது சங்கடத்தோட, பட்டா எங்க புராஜெக்ட்ல வராது ஐயான்னு சொல்லும். வானம் அவங்க புராஜெக்ட்ல வந்துச்சு, கடல் வந்துச்சு, துருவத்துல இருக்கிற கரடி வந்துச்சு. 217/3 மட்டும் வரல.

அந்தத் திங்கக்கிழமை புகை வந்து பலகை முன்னாடி நின்னப்போ துலுக்காணத்தோட சம்சாரம் தேசம்மா அவருக்கு மத்தியானக் கஞ்சி கொண்டாந்திருந்தா. தேசம்மாவுக்கு இருமல், ஒரு வருஷம் ரெண்டு வருஷத்து இருமல் இல்ல, நடந்தா நாலு வாட்டி நின்னு இருமிட்டு நடக்கற இருமல். அவளுக்கு உலகத்துல ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்துச்சு. வீட்டுமனைப் பட்டா பொம்பளை பேர்லதான் குடுப்பாங்கன்னு யாரோ சொன்ன நாள்லேருந்து, தேசம்மா, க/பெ துலுக்காணம்னு அச்சடிச்ச ஒரு காகிதத்தைக் கையில வாங்கிப் பாத்துட்டுக் கண்ணை மூடணும்னு இருந்தா. வாங்கித் தர்றேன்னு துலுக்காணம் சொல்லியிருந்தாரு. எத்தனை திங்கக்கிழமை சொன்னாருன்னு அவருக்கே தெரியாது.

புகை பேசுச்சுன்னு சொல்ல முடியாது. பக்கத்துல நின்னா தொண்டையில ஒரு காரம் ஏறும், அந்தக் காரத்தை இருமினா வார்த்தையா வெளிய வரும், அவ்வளவுதான். துலுக்காணம் இருமிப் பாத்தாரு, ரெண்டு எழுத்துக்கு மேல வரல. தேசம்மா இருமினா, கோர்வையா வந்துச்சு.

"மேல எடமில்லையாம்யா,"ன்னா அவ, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டே. "முப்பத்தோரு வருஷமா அனுப்பறாங்களாம், போக எடமில்லாம அங்கயே சுத்திக்கினு கெடக்காம். எல்லா ஊருதும் வந்து ஒண்ணு மேல ஒண்ணு நெரிசலாம். கால் நீட்ட ஒரு எடம் வேணுமாம்."

இதுல எழுத என்ன இருக்கு. முள்வெட்டி நகர்க்காரங்க கேக்கறதும் அதேதான், அதே வருஷக் கணக்குதான். துலுக்காணம் அடுக்குலேருந்து மேல இருந்த மூணு தாளை எடுத்து, பேருங்கற எடத்துல புகைன்னு எழுதி, தகப்பன் பேருக்கு இரண்டாம் எண் சிம்னின்னு போட்டு, வயசு முப்பத்தொண்ணு போட்டு, கீழ கைநாட்டு வெக்கச் சொன்னாரு. மை தேவைப்படல. தாளோட மூலையில ஒரு கறுப்பு வந்து உக்காந்துச்சு. அவரு படிச்சுப் பாக்கல. தான் எழுதி வெச்சதை யாரு படிச்சுப் பாப்பாங்க.

உள்ள மனு வாங்கற கிளார்க் ரங்கமன்னார் அதை வாங்கி, பதிஞ்சு, முத்திரை குத்தி, ரசீது குடுத்தாரு. கெட்ட மனுஷன் இல்ல அவரு, ஒரு நாளைக்கு முன்னூறு மனு வாங்கற மனுஷன். இருமிக்கிட்டே, எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு பாத்து அனுப்பறோம்னாரு.

அன்னையிலேருந்து புகை திங்கக்கிழமை தவறாம வர ஆரம்பிச்சுச்சு. ஊரு ஒரு மாசத்துல பழகிடுச்சு. காத்தோட போக்குல நிக்காம எதிர்ப்பக்கமா நிக்கணும்னு வரிசையில இருந்த பொம்பளைங்க அதட்டினாங்க, அதுவும் கத்துக்கிச்சு. முன்னெல்லாம் காயப்போட்ட துணி மேல கரி விழுந்தா மேல பாத்துத் திட்டுவாங்க, இப்ப நேரா முகத்தைப் பாத்தே திட்ட முடிஞ்சதுல அவங்களுக்கு ஒரு நிம்மதி. மரத்தடியில சுக்கு காபியும் மசால்வடையும் விக்கிற கெழவி பூஷணம், இவரு சும்மாதானே நிக்கிறாருன்னு ஒரு கம்பியில மத்தி மீனைக் கோத்து அதுக்குள்ள தொங்க விட்டு, சாயங்காலம் எடுத்து வித்துச்சு. கட்சிக்காரர் ஒருத்தர் வந்து பொன்னாடை போத்தினாரு. அது நேரா தரையில விழுந்துச்சு, போட்டோவுல மட்டும் நல்லா நின்னுச்சு. மனு குடுக்க வந்தவங்க எல்லாரும் முதல்ல புகை கிட்டப் போய் நின்னு ஒரு வாட்டி இருமி நலம் விசாரிச்சுட்டுத்தான் டோக்கன் வாங்கினாங்க. தேசம்மாவை மட்டும் அது அக்கான்னு கூப்பிட்டுச்சு. அவ நெஞ்சுக்குள்ள தன்னோட ஆளுங்க நெறைய பேர் குடியிருக்காங்கன்னு சொல்லிச்சாம். எனக்கு முன்னாடியே தெரியும்னா தேசம்மா.

ஜெசிந்தா முதல் தடவை பாத்தப்போ குடையைக் கீழ போட்டுட்டு அழுதுச்சு. எட்டு வருஷமா எது மேல பறக்குதுன்னு அட்டையில காட்டிக்கிட்டிருந்தமோ அது எறங்கி வந்து எதிர்ல நிக்குதுன்னா யாருக்குத்தான் அழுகை வராது. மெட்ராஸ்ல இருக்கிற தெளிவானத்து ஹெட் ஆபீஸ்காரங்க அழல, கூட்டம் போட்டாங்க. புகைக்கும் உரிமை உண்டுன்னு பேனர் அடிச்சாங்க. வெளிநாட்டுல ஒரு மாநாடு நடந்துச்சு, அங்க கூட்டிட்டுப் போகணும்னாங்க, விசா கெடைக்கல, ஒரு பெரிய பலூன்ல கொஞ்சம் புடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அங்க எல்லா நாட்டுக்காரங்களும் அதைச் சுத்தி நின்னு இருமினாங்களாம், ஆனா அவங்களுக்கெல்லாம் ரொம்ப லேசான இருமல், ஒரு வார்த்தையும் புரியலையாம். கைத்தட்டுனாங்களாம்.

அந்தக் கைத்தட்டல் திரும்பி வந்ததும் காரியம் மளமளன்னு நடந்துச்சு. மின் நிலையத்துக்காரங்க தாங்களே முன்வந்து, புகைக்கு ஒரு எடம் குடுத்துட்டா அது வானத்துக்குப் போகாது, வானத்துக்குப் போகாத புகை புகைக் கணக்குல வராது, கணக்குல வரலைன்னா எங்க நிலையம் சுத்தமான நிலையம், மூணாவது யூனிட்டும் சுத்தம்னாங்க. அரசாங்கம் சரின்னுச்சு. தெளிவானம், வானத்துக்குப் போற புகையை நிறுத்தணும்கறதுதானே நம்ம நோக்கம்னு யோசிச்சுப் பாத்து, நிறைவேறிடுச்சுன்னு அறிக்கை விட்டுச்சு. மூணு பேரும் ஒரே பக்கம் நின்னது அந்த ஜில்லாவிலேயே அதுதான் முதல் தடவை.

பட்டா குடுக்கற விழாவை முள்வெட்டி நகர் மைதானத்துல வெச்சாங்க. ஏன் இங்கன்னு யாரும் கேக்கல. சந்தோஷமாத்தான் இருந்தாங்க. நேத்து மனு குடுத்த புகைக்கு இன்னைக்குப் பட்டான்னா, முப்பத்தோரு வருஷமா குடுத்த நமக்கு நாளைக்கேன்னு, அவங்களே முள்ளு பொறுக்கி, தண்ணி தெளிச்சு, நாற்காலி போட்டாங்க. தேசம்மா முன்வரிசையில உக்காந்திருந்தா, புகைக்கு இருமிச் சொல்ல ஆள் வேணுமே. துலுக்காணம் வேட்டி சட்டை மடிப்புக் கலையாம நின்னாரு, தான் எழுதின மனுவுல பட்டா வந்தது அதுதான் முதல்.

பெரிய அதிகாரி மைக் முன்னாடி வந்து படிச்சாரு. புகை, தகப்பன் பேரு இரண்டாம் எண் சிம்னி, குடியிருக்க ஓர் இடம் வேண்டி விண்ணப்பித்ததன் பேரில், சர்வே எண் இருநூத்திப் பதினேழு பை மூணு.

ஜனம் பலமாக் கைத்தட்டுச்சு. முப்பத்தோரு வருஷமா அந்த நம்பரைக் கேட்டா தங்களைத்தான் கூப்பிடறாங்கன்னு பழகின காது அவங்களோடது. கைத்தட்டல் பின்வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கேருந்து ஒவ்வொரு வரிசையா நின்னுக்கிட்டே முன்னாடி வந்து, கடைசியா தேசம்மாவோட ரெண்டு கை மட்டும் தட்டிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுச்சு.

துலுக்காணம் மறுநாள் காலையில ரங்கமன்னார் முன்னாடி போய் நின்னாரு. ரங்கமன்னார் கோப்பைப் பிரிச்சு மனுவை எடுத்து மேஜை மேல வெச்சாரு.

"உங்க கையெழுத்துதானே துலுக்காணம்?"

"கார்பன் சார். நானா எழுதல, ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தது."

"கார்பனா இருந்தாலும் கை உங்களுதுதானே?"

ஆமா சார்னாரு துலுக்காணம். இருபத்தாறு வருஷமா எந்த மேஜையிலயும் யாரும் படிக்காத அந்தத் தாளை, ஒரே ஒரு தடவை யாரோ ஒரு எழுத்து விடாம படிச்சிருக்காங்க. அதை நெனச்சு அவருக்குச் சிரிப்புதான் வந்துச்சு. வாசலுக்கு வந்தா ஜெசிந்தா நின்னுக்கிட்டிருந்துச்சு, கண்ணு செவந்து. அவரே பேசினாரு. "அன்னைக்கே சொன்னீங்கம்மா, கார்பனைக் குறைங்கன்னு. நான்தான் கேக்கல."

அந்த வாரமே ஜெசிந்தா அவரு பலகை முன்னாடி குந்தி ராஜினாமா கடிதம் எழுதச் சொல்லிச்சு. எத்தனை காப்பின்னாரு. ஒண்ணே போதும் ஐயான்னுச்சு. தெளிவானத்தோட ஆண்டறிக்கையில, உலகின் முதல் புகைக் குடியிருப்புன்னு அட்டைப் படம் வந்தப்போ ஜெசிந்தாவோட பேரு உள்ள இல்ல.

முள்வெட்டி நகர்ல வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டினாங்க. புகைக்குச் சொந்தமான நெலத்தை ஆக்கிரமிச்சிருக்கிறதா போட்டிருந்துச்சு, காலி பண்ண அவகாசமும் போட்டிருந்துச்சு. மின் நிலையத்துக்காரங்க சிம்னியிலேருந்து பெரிய பெரிய குழாய் இழுத்து எல்லையில விட்டாங்க, புகை குடி வந்துச்சு. முதல்ல கூச்சத்தோட தெருவுல மட்டும் இருந்துச்சு, அப்புறம் வாசப்படிக்கு ஏறுச்சு, அப்புறம் ஜன்னல் மட்டத்துக்கு நின்னுச்சு. ஜனம் அதுக்கும் பழகிக்கிச்சு. சோத்துப் பானையை மூடி வெச்சுக்கிட்டாங்க, பேசறதைக் குறைச்சுக்கிட்டாங்க, ஒருத்தரை ஒருத்தர் இருமலை வெச்சு அடையாளம் கண்டுக்கிட்டாங்க. பூஷணம் மட்டும், குடியிருக்கறவனைக் காலி பண்ணச் சொல்றானே, வீட்டுக்காரன் ஒரு வாட்டியாவது வாடகையாவது கேட்டானான்னு நோட்டீஸ் ஒட்ட வந்தவனைக் கேட்டுச்சு.

வீட்டுக்காரனுக்கும் மனசு கேக்கலை. ஒரு மத்தியானம் தேசம்மா கட்டிலுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அவ இருமி இருமிச் சொன்னா. "நான் எடம்தான் கேட்டேன், உங்க எடத்தைக் கேக்கலைன்னு அழுவுது. திருப்பிக் குடுத்துடறேன், எழுதித் தரச் சொல்லுன்னுது."

துலுக்காணம் எழுதினாரு, கார்பன் வெக்காம, புகை கைநாட்டு வெச்சுச்சு. ரங்கமன்னார் வாங்கிப் படிச்சுட்டு, இலவசப் பட்டாவைப் பத்து வருஷத்துக்கு யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாதுன்னு விதி இருக்கேன்னாரு. துலுக்காணம் விடல. வீட்டுக்கு வீடு போய் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயையெல்லாம் வாங்கி ஒரு கட்டாக் கட்டி, இவங்க எல்லார் ஒடம்புலயும் மேற்படி புகை வாழ்ந்து வருவதால் இவங்க அதுக்கு ரத்த சம்பந்தம், வாரிசுச் சான்று வேணும்னு மனு போட்டாரு. ரங்கமன்னார் ஒவ்வொரு எக்ஸ்ரேயா ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. தேசம்மாவோடதைக் கொஞ்ச நேரம் கூடுதலாப் பாத்தாரு. கீழ வெச்சுட்டு, மெதுவா, நொந்துபோய்த்தான் சொன்னாரு.

"என்ன துலுக்காணம், புகைக்கு வாரிசு புகைதான்யா. மனுஷன் எப்படி ஆவான்?"

அவரு வீட்டுக்கு வந்து நடந்ததை ஒரு வரி விடாம தேசம்மாகிட்டச் சொன்னாரு, இருபத்தாறு வருஷமா மனு போற கதியை அவகிட்டச் சொல்ற மாதிரியே. மூணாவது யூனிட்டுக்கு அஸ்திவாரம் தோண்டற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு. தேசம்மா சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. திரும்பாமலே கேட்டா.

"அந்த கிளார்க்கு என்ன சொன்னாரு, இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னாரு.

"அப்ப என்னைப் பொதைக்காத. எரி."

அவங்க ஜனத்துல எரிக்கறது கெடையாது. உக்கார வெச்சு, உப்புக் கொட்டி, கடலைப் பாத்த மாதிரிப் பொதைக்கறதுதான் வழக்கம், தேசம்மாவோட அப்பன் ஆத்தா, மாமனார் மாமியார், பொறந்த மூணாம் நாளே போன ஒரு கொழந்தை, எல்லாரும் மண்ணுக்குள்ளதான். துலுக்காணம் அதைச் சொல்லிப் பாத்தாரு. அவங்க பொதைச்ச எடமும் புகை பேர்லதான்யா இருக்குன்னா அவ.

அவ ஒரு புதன்கிழமை மத்தியானம் போய்ச் சேந்தா. தகவல் கேட்டு வந்த அவ தம்பி, எங்கக்காவைக் கொளுத்துவியா நீன்னு துலுக்காணத்தோட சட்டையைப் புடிச்சான். பெரியவங்க, மனு எழுதி எழுதிக் கிறுக்கு புடிச்சிடுச்சு இவனுக்குன்னாங்க. துலுக்காணம் பொறுமையா, இது அவ குடுத்த மனுன்னாரு, நான் ஒரு மனுவாவது நிறைவேத்தணும்னாரு. அதுக்கப்புறம் தம்பிக்காரன் சட்டையை விட்டான். மின்மயானத்துக்குக் கொண்டு போலாம்னு ஒருத்தர் சொன்னாரு. வேணாம்னுட்டாரு துலுக்காணம், அந்தக் கரண்டும் அந்தச் சிம்னியிலேருந்துதான் வருது, இவளும் அதும் கலந்துபோய் யாரு யாருன்னு தெரியாது, அப்புறம் பேரு திருத்தத்துக்கு ஒரு மனு போடணும்னாரு.

முள்ளு மரத்தைத்தான் வெட்டி அடுக்கினாங்க. வந்து எறங்கின அன்னைக்கு அவ கையால வெட்டினதும் அதே முள்ளுதான், வெட்ட வெட்ட தழைக்கற ஜாதி அது. பத்த வெச்சதும் மெல்லிசா, வெள்ளையா, கறுப்பே இல்லாம ஒரு புகை எழும்பி, பனைமரத்து ஒசரத்துக்குப் போய், அங்க கொஞ்ச நேரம் நின்னுச்சு, வரிசை எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு பாக்கிற மாதிரி. அப்புறம் திரும்பி எறங்கி, யாரையும் கேக்காம, மூணாவது தெருவுல அவ வீட்டு வாசப்படியில போய் உக்காந்துச்சு. தெருவுல நின்ன கறுப்புப் புகை ரெண்டு அடி ஒதுங்கி எடம் விட்டுச்சு. ஊரு முழுக்க ஒரே நேரத்துல இருமிச்சு. வா அக்கான்னு எல்லார் வாயிலேருந்தும் வந்துச்சு.

திங்கக்கிழமை துலுக்காணம் மரத்தடிக்குப் போய் அடுக்கைப் பிரிச்சாரு. கார்பன்ல எழுதி வெச்சதுல கடைசி மூணு தாள் இருந்துச்சு. குடியிருக்க ஓர் இடம் வேண்டி விண்ணப்பம், சர்வே எண் 217/3, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஒரு எழுத்து மாத்த வேண்டியிருக்கல. காலியா இருந்த எடத்துல தேசம்மா, க/பெ துலுக்காணம்னு எழுதி, பக்கத்துல, தற்போது புகைன்னு சேத்தாரு. கைநாட்டு எடத்துல ஒரு சாம்பல் துளி. வாழ்க்கையில முதல் தடவையா டோக்கன் வாங்கிட்டு வரிசையில தானே நின்னாரு.

ரங்கமன்னார் மனுவைப் படிச்சாரு. எழுந்து நின்னாரு, உக்காந்தாரு, முத்திரையை எடுத்தாரு. கேக்க எதுவும் இல்ல, புகைக்கு வாரிசு புகைதான்னு சொன்னவரே அவருதான், விதிப்படி எல்லாம் சரியா இருந்துச்சு.

பட்டா ஒன்பதாம் நாள் வந்துச்சு. கூட்டுப் பட்டா, முதல் பேரு புகை, ரெண்டாவது பேரு தேசம்மா, அச்சு எழுத்துல, கோபுர முத்திரை போட்டு. துலுக்காணம் அதை வாசப்படிக்குக் கொண்டு போய் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, அவ பாத்து முடிக்கற வரைக்கும் கை வலிக்க நின்னாரு. மறுநாளே வந்து அந்த வீட்டுக் கதவுல ஒட்டியிருந்த நோட்டீஸை மட்டும் கிழிச்சுட்டுப் போனாங்க. அடுத்த வீட்டுல இருந்தது அப்படியே இருந்துச்சு.

அதைப் பாக்க முள்வெட்டி நகரே வந்துச்சு. யாரும் அழல, யாரும் சந்தோஷப்படல, பட்டாவைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வரிசையாக் குடுத்து வாங்கிட்டுப் போனாங்க.

அடுத்த திங்கக்கிழமை மரத்தடியில கூட்டம். துலுக்காணம் வெறும் தாளை எடுத்து, கார்பன் இல்லாம, ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டிருந்தாரு. பூஷணம் சுக்கு காபி டம்ளரைப் பலகை மேல வெச்சுட்டு, பக்கத்துல குந்துச்சு.

"எனக்கும் ஒண்ணு எழுதி வெச்சிடு துலுக்காணம். பேரு, வயசு, தற்போது புகை, எல்லாம் போட்டுடு,"ன்னுச்சு. "தேதி மட்டும் விட்டு வெய்."